இரண்டு மணி முதல் நாலு மணி வரை

லிங்கராஜபுரம், பெங்களூர்
12 பிப்ரவரி 1997

அன்புள்ள தம்பி ஓஸ்வால்டுக்கு, அக்கா யூனிஸ் எழுதுவது.

ஆண்டவர் கிருபையில் அப்பா, உன் மச்சான், மகள் மௌரீன், நான் எல்லோரும் சுகம். மஸ்கட்டில் உன் சுகத்தை எழுது. போன கடிதத்தில் இருமல் என்று எழுதியிருந்தாய். விட்டதா? ஏசிக்கு நேரே படுக்காதே.

நீ கொடுத்தனுப்பிய பட்டன் போன் பத்திரமாக வந்து சேர்ந்தது. உன் நண்பரின் மனைவி அதைத் துண்டுக்கும் பேரீச்சம்பழத்துக்கும் நடுவில் கைக்குழந்தை மாதிரி சுற்றி எடுத்து வந்து கொடுத்தார். பழைய கறுப்பு போனைக் கழற்றிவிட்டு இதை மாட்டினோம். பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறது. என்ன பிரயோஜனம்? எந்தப் பட்டனை அமுக்கினாலும் பாட்டுப் பாடுகிறதே ஒழிய ஒரு நம்பரும் போகமாட்டேன் என்கிறது. வெளியிலிருந்து வருகிற கால் மட்டும் வருகிறது. லைன்மேனைக் கூப்பிடலாம் என்கிறார் உன் மச்சான். அவன் வந்து காபியைக் குடித்துவிட்டு, "ஃபாரின் செட்டுக்கெல்லாம் நாங்க பொறுப்பில்ல மேடம்" என்று போய்விடுவான். ஊருக்கெல்லாம் போனும் ஃபேக்ஸும் ரிப்பேர் பார்க்கிறவனுக்கு அக்கா வீட்டுப் போன் ஒரு பெரிய காரியமா? நீயே வழி சொல்லு.

வருகிற கால் என்றேனே, அந்தக் கதையைக் கேள். கம்மனஹள்ளிப் பக்கம் புதிதாக ஒரு கேஸ் ஏஜென்சி வந்திருக்கிறது. அவர்கள் நம்பருக்கும் நம் நம்பருக்கும் ஓர் எண்தான் வித்தியாசம். மதியம் கண்ணை மூடினால் போதும், சிலிண்டர் எப்போது வரும் என்று கன்னடத்தில் ஒருவர், தமிழில் ஒருவர், இந்தியில் ஒருவர். நேற்று ஒரு அம்மாள் நான் ஏஜென்சி இல்லை என்று சொல்லியும் விடாமல், "அப்ப நீங்களாவது சொல்லக்கூடாதா அவங்ககிட்ட?" என்று சண்டைக்கு வந்துவிட்டாள். இங்கே ஒரு நாள் விட்டு ஒரு நாள் விடியற்காலை நாலு மணிக்குத்தான் குழாயில் தண்ணீர். எழுந்து பிடிக்கிறவள் நான்தான். மதியம் இரண்டு மணி நேரம் படுக்காவிட்டால் சாயங்காலம் எல்லோர் மீதும் எரிந்து விழுகிறேனாம்.

அப்பாவுக்கு இந்த எழுபத்திரண்டு வயதிலும் கால் ஓரிடத்தில் நிற்பதில்லை. மாதத்தின் முதல் புதன்கிழமை தவறாமல் அத்திபெலேக்குப் பயணம். கோவிந்தப்பாவை உனக்கு ஞாபகம் இருக்கும், ரயில்வே பார்சல் ஆபீசில் அப்பாவோடு வேலை பார்த்தவர், இப்போது அங்கே சைக்கிள் கடை வைத்திருக்கிறார். மூன்று பஸ் மாறிப் போய் அந்தக் கடையில் உட்கார்ந்து, களி சாப்பிட்டு, இருட்டுவதற்குள் திரும்பி விடுவார். பிரஷர் இருக்கிறதே, வேண்டாமே என்றால், "அங்க போய்ட்டு வந்தாத்தாண்டி எனக்கு பிரஷரே எறங்குது" என்கிறார். என்ன சொல்வது?

வேளைக்குச் சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போ.

உன் அக்கா,
யூனிஸ்


மஸ்கட்
27 பிப்ரவரி 1997

அன்பு அக்காவுக்கு,

நான் நலம். இருமல் போய்விட்டது. மச்சானுக்கும் மௌரீனுக்கும் என் அன்பு. அப்பாவுக்கு என் ஸ்தோத்திரம்.

போனில் ஒன்றும் கோளாறு இல்லை, பயப்படாதே. கவிழ்த்துப் பார். அடியில் டி என்றும் பி என்றும் எழுதி நடுவில் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும். அதை பி பக்கம் தள்ளு. நம் ஏரியா எக்ஸ்சேஞ்சுக்கு இந்தப் பாட்டெல்லாம் புரியாது, பழைய போன் மாதிரி டக் டக் என்று எண்ணிக் காட்டவேண்டும். தள்ளிவிட்டால் நம்பர் போகும்.

உன் சிலிண்டர்காரர்களுக்கும் மருந்து இருக்கிறது. போனின் வலது பக்கவாட்டைத் தடவிப் பார், இன்னொரு ஸ்விட்ச். மேலே இருந்தால் மணி பலமாக அடிக்கும், நடுவில் மெதுவாக, கீழே தள்ளினால் அடிக்கவே அடிக்காது. கூப்பிடுகிறவனுக்கு மட்டும் அங்கே ரிங் போய்க்கொண்டிருக்கும். வீட்டில் ஆள் இல்லை போல என்று வைத்துவிடுவான். தூங்கப் போகும்போது கீழே தள்ளு, எழுந்ததும் மேலே தள்ளு, அவ்வளவுதான். ராஜாத்தி மாதிரி தூங்கு. ரிசீவரை எடுத்துக் கீழே வைக்கிற பழக்கம் மட்டும் வேண்டாம், லைன் கோளாறு என்று எக்ஸ்சேஞ்சில் நினைத்துக்கொள்வார்கள்.

கையோடு இன்னும் இரண்டு யோசனை. டிவி ரிமோட் மக்கர் பண்ணினால் உடனே புது பேட்டரி வாங்காதே, பேட்டரி உட்காருகிற கம்பியை உலர்ந்த துணியால் துடைத்துப் பார், பாதிப் பேருக்கு அதிலேயே சரியாகிவிடும். கரண்ட் போய் வந்தால் ஃப்ரிட்ஜை உடனே போடாதே, ஐந்து நிமிஷம் பொறு.

டிசம்பரில் நாற்பது நாள் லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அப்பாவை அத்திபெலேக்கு டாக்ஸியில் நானே கூட்டிப் போகிறேன் என்று சொல்லு.

அன்புத் தம்பி,
ஓஸ்வால்ட்


லிங்கராஜபுரம்
20 மார்ச் 1997

அன்புள்ள தம்பிக்கு,

அனைவரும் சுகம். உன் சுகமும் அதேபோல் இருக்க ஜெபிக்கிறேன். மௌரீனுக்கு முதல் வருஷப் பரீட்சை நடக்கிறது. கணக்கு சுமார் என்று முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள்.

உன் வாய்க்குச் சர்க்கரை போடவேண்டும். பி பக்கம் தள்ளியதும் முதல் நம்பரே போய்விட்டது. உன் மச்சான், "மஸ்கட்ல உக்காந்துக்கினு லிங்கராஜபுரத்துல ரிப்பேர் பண்றான் பாரு" என்று தெருவில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

அந்த இன்னொரு ஸ்விட்சை என்ன சொல்ல! இரண்டு மணிக்குக் கீழே, நாலு மணிக்கு மேலே. பத்து நாளாக ஒரு சிலிண்டர் சத்தம் இல்லை. எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு இப்படி நான் தூங்கியதில்லை. எழுந்து முகம் கழுவினால் வயதில் ஐந்து குறைந்த மாதிரி இருக்கிறது. நான் மறந்தாலும் மௌரீன் வந்து தள்ளிவிட்டுப் போகிறாள், அவளுக்கும் படிக்க அமைதி வேண்டுமாம்.

அப்பாவுக்குத்தான் பிடிக்கவில்லை. "மணியக் கழட்டிட்டு சர்ச்சு எதுக்கு?" என்கிறார். அவருக்கு யார் மதியம் போன் பண்ணப் போகிறார்கள்? பேச்சுக்குப் பேச்சு. நான் சிரித்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டேன்.

அவருக்குக் கண் புரை முற்றிவிட்டது என்று டாக்டர் சொல்கிறார். டிசம்பரில் நீ வந்ததும் ஆபரேஷன் வைத்துக்கொள்ளலாம் என்று அப்பா பிடிவாதம். "அவன் கூட இருக்கட்டும்" என்பதைத் தவிர வேறு காரணம் சொல்ல மறுக்கிறார். வெளியே காட்டிக்கொள்ளமாட்டார், நாட்களை எண்ணிக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரியும்.

அன்புடன் அக்கா,
யூனிஸ்


மஸ்கட்
26 ஏப்ரல் 1997

அன்பு அக்காவுக்கு,

நலம். எல்லோர் நலமும் அறிய ஆவல். இங்கே வெயில் தொடங்கிவிட்டது, ரோட்டில் கால் வைக்க முடியவில்லை. சர்வீஸ் சென்டரில் வேலை தலைக்கு மேல். மூன்று வரிதான் எழுத நேரம்.

அப்பாவின் கண்ணுக்கு டிசம்பரே இருக்கட்டும், நான் பக்கத்தில் இருக்கிறேன் என்று சொல்லு. மழை இடி என்றால் டிவியின் ஆன்டெனா ஒயரைப் பின்னால் பிடுங்கிவிடு, ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. மிக்ஸி கருகல் வாசனை என்று மச்சான் எழுதியிருந்தார். உள்ளே இருக்கிற கார்பன் தேய்ந்திருக்கும். சிவாஜிநகரில் எந்தக் கடையிலும் கிடைக்கும், ஏமாந்து புது மோட்டார் போட்டுவிடாதீர்கள்.

அன்புத் தம்பி,
ஓஸ்வால்ட்


லிங்கராஜபுரம்
9 ஜூன் 1997

அன்புள்ள தம்பிக்கு,

ஆண்டவர் உன்னைத் தேற்றுவாராக.

புதன்கிழமை சாயங்காலம் டெலிபோன் பூத்திலிருந்து உன் ஆபீசுக்குப் பேசிய மூன்று நிமிஷத்தில் நீ அழுதாய், நான் அழுதேன். என்ன சொன்னேன் என்றே தெரியவில்லை. உன் பாஸ்போர்ட் கம்பெனி லாக்கரில் இருக்கிறது, சாவி வைத்திருக்கிற மேனேஜர் ஊரில் இல்லை என்று நீ கத்தியது மட்டும் காதில் நிற்கிறது. அதற்குமேல் காத்திருக்க முடியவில்லை. வியாழக்கிழமை ஐந்து மணிக்குக் கல்பள்ளிக் கல்லறையில் அம்மாவுக்குப் பக்கத்தில் அப்பாவை வைத்துவிட்டோம். உன் பெயரைச் சொல்லி உன் மச்சான் ஒரு பிடி மண் போட்டார்.

நீ கேட்பாய் என்பதால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். அப்பா வழக்கம்போல் புதன்கிழமை ஒன்பது மணிக்குப் போனார். கடையில் சாப்பிட்டு முடித்து, ஒன்றே முக்காலுக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் சாய்ந்திருக்கிறார். கோவிந்தப்பா பக்கத்துக் கிளினிக் டாக்டரைக் கூட்டிவந்தார். அவர் ஊசி போட்டு, தாமதிக்காமல் பெங்களூரில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறார். அதற்குத்தான் கோவிந்தப்பா நம் வீட்டுக்கு போன் பண்ணியிருக்கிறார். அடக்கத்துக்கு வந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் அழுததை அப்படியே எழுதுகிறேன். "ஆறு வாட்டி அடிச்சேம்மா. ரிங்கு போய்க்கினே கீது, யாரும் எடுக்கல. வூட்டு ஆளுங்க ஒரு வார்த்தை சொல்லாம, இன்னொருத்தர் அப்பாவ நான் எப்பிடிம்மா தூக்கினு போறது? எந்த ஆஸ்பத்திரின்னு எனக்கு இன்னா தெரியும்?"

மூன்றே முக்கால் வரை பார்த்துவிட்டு, பொறுக்க முடியாமல் ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு அவரே கிளம்பிவிட்டார். நாலு மணி அடித்துப் பத்து நிமிஷத்தில் அவர் மனைவியின் போன் எனக்கு வந்தது. நானும் உன் மச்சானும் ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றபோது வேன் வந்தது. பொம்மனஹள்ளி தாண்டும்போதே மூச்சு நின்றுவிட்டதாம். முக்கால் மணி முன்னால் வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார் டாக்டர்.

போன் அடித்தது எங்களுக்குக் கேட்கவில்லை, ஓஸ்வால்ட்.

உடம்பைப் பார்த்துக்கொள். பட்டினி கிடக்காதே.

யூனிஸ்


மஸ்கட்
24 ஜூன் 1997

அக்காவுக்கு,

சுகம் கேட்டு எழுத மனது வரவில்லை.

உன் கடிதம் வருவதற்கு முன்பே கோவிந்தப்பா கடைக்கு எதிர் பூத்துக்கு நான் போன் பண்ணிப் பேசிவிட்டேன். ஆறு தடவை, அக்கா. இரண்டு மணியிலிருந்து மூன்று இருபது வரை ஆறு தடவை. ஒவ்வொரு தடவையும் கட்டாகும் வரை ரிங் போயிருக்கிறது. அந்த போன் எங்கே இருக்கிறது? ஹாலில். நீ எங்கே படுக்கிறாய்? ஹாலில். ஒரு மனுஷிக்கு அப்படி என்ன தூக்கம்?

நான் எதற்காக அந்த போனை வாங்கி அனுப்பினேன்? வயதான மனிதர் இருக்கிற வீடு, ஆபத்து அவசரத்துக்கு உதவட்டும் என்றுதானே. இருபது வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன். போனே இல்லாத வீட்டில் இப்படி நடந்தால் விதி என்று சொல்லலாம். போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு அப்பாவைச் சாகவிட்ட வீடு நம்முடையதாகத்தான் இருக்கும்.

ஒன்று மட்டும் சொல். செட் கெட்டுப் போயிருந்ததா? மணி சரியாக அடிக்கவில்லையா? அப்படி இருந்தால் மறைக்காமல் எழுது. கெட்ட செட்டை அனுப்பினவன் நான் என்று என்னையே திட்டிக்கொண்டு போகிறேன். இல்லையென்றால் என்னிடம் நீ சொல்ல வேறு எதுவும் இல்லை.

ஓஸ்வால்ட்


லிங்கராஜபுரம்
10 ஜூலை 1997

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீ நன்றாக இருக்கவேண்டும்.

நீ அனுப்பிய போனில் ஒரு கோளாறும் இல்லை. அன்றும் இல்லை, இன்றும் இல்லை. அன்று காலை தண்ணீர் பிடித்த அலுப்பு. நான் அடித்துப்போட்ட மாதிரி தூங்கிவிட்டேன். மௌரீன் அவள் தோழி வீட்டுக்குப் போயிருந்தாள், உன் மச்சான் வேலையில் இருந்தார். வீட்டில் இருந்தவள் நான் ஒருத்திதான். தப்பு என்னுடையது.

என்னை மன்னிக்க முடிந்தால் மன்னி. முடியாவிட்டாலும் டிசம்பரில் வந்து அப்பாவின் இடத்தைப் பார்த்துவிட்டுப் போ.

யூனிஸ்


லிங்கராஜபுரம்
2 டிசம்பர் 1997

அன்புள்ள ஓஸ்வால்ட் மாமாவுக்கு,

நான் மௌரீன். நலமா? நாங்கள் ஓகே. நான் ஸ்கூலில் தமிழ் எடுக்கவில்லை, சர்ச்சில் கற்றதுதான், தப்பு இருந்தால் மன்னியுங்கள். நான் எழுதுவது அம்மாவுக்குத் தெரியாது.

நீங்கள் அம்மாவுக்கு எழுதி ஐந்து மாதம் ஆகிறது. டிசம்பரில் வரப்போவதில்லை, லீவு கேன்சல் என்று அப்பாவுக்கு மட்டும் இரண்டு வரி போட்டிருந்தீர்கள். அம்மா அதைப் படித்துவிட்டு, உங்களுக்காக வெளுத்து வைத்திருந்த பெட்ஷீட்டை மடித்து பீரோவில் வைத்தார்கள்.

அம்மா ஜூனிலிருந்து மதியம் தூங்குவதில்லை. இரண்டு மணிக்கு போன் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்காருகிறார்கள், நாலு மணிக்குத்தான் எழுந்திருக்கிறார்கள். சிலிண்டர் கேட்டு யாராவது பேசினால் முன்பு மாதிரி கோபப்படுவதில்லை. ஏஜென்சியின் சரியான நம்பரை ஒரு பேப்பரில் எழுதி வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் நிதானமாக இரண்டு தடவை சொல்கிறார்கள். காலையில் தண்ணீருக்கும் எழுந்து, மதியமும் தூங்காமல் பாதியாகிவிட்டார்கள்.

மாமா, போன் அடித்து அம்மா எடுக்காமல் இல்லை. போன் அடிக்கவே இல்லை. சைடில் இருக்கிற ஸ்விட்ச் கீழே இருந்தது. தினமும் இரண்டு மணிக்கு அதைக் கீழே தள்ளுவோம், நானும்தான் தள்ளியிருக்கிறேன். அப்படிச் செய்யச் சொல்லிக் கொடுத்தது நீங்கள். பிப்ரவரியில் ஒரு லெட்டரில் எழுதியிருந்தீர்கள், அம்மா அதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். உங்கள் டிப்ஸ் லெட்டர்கள் எல்லாம் டப்பாவில் இருக்கின்றன, ஏதாவது ரிப்பேர் என்றால் எடுத்துப் பார்ப்போம். அந்த ஒரு லெட்டர் மட்டும் இப்போது இல்லை. அடக்கம் முடிந்து வந்த அன்றே அம்மா அதை அடுப்பில் போட்டதை நான் பார்த்தேன். "இத மாமாகிட்ட யாரும் சொல்லக்கூடாது, சொன்னா அவன் தாங்கமாட்டான்" என்று என்னிடமும் அப்பாவிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டார்கள்.

நீங்கள் திட்டி எழுதிய லெட்டரையும் நான் படித்தேன். அதற்கு அம்மா பதில் எழுதும்போது பக்கத்தில் இருந்தேன். இன்று சத்தியத்தை மீறிவிட்டேன். என் மேல் கோபம் வந்தால் பரவாயில்லை. அம்மாவுக்கு எழுதுங்கள்.

மௌரீன்


மஸ்கட்
19 டிசம்பர் 1997

என் அக்காவுக்கு,

உன் சுகத்தைக் கேட்க எனக்குத் தகுதி இல்லை. ஆனாலும் கேட்கிறேன். எப்படி இருக்கிறாய்?

மௌரீனைத் திட்டாதே. அவள் எழுதியது பொய்யாக இருக்கவேண்டும் என்று பெட்டியைக் கவிழ்த்து உன் கடிதங்களைத் தேடினேன். மார்ச் மாதக் கடிதம் கிடைத்தது. இரண்டு மணிக்குக் கீழே, நாலு மணிக்கு மேலே என்று உன் கையெழுத்திலேயே இருக்கிறது. அதை முதல் தடவை படித்தபோது சிரித்திருப்பேன். பிறகு மறந்தே போய்விட்டேன், அக்கா. கடைக்கு வருகிறவர்களில் தினமும் நாலு பேருக்கு இதைச் சொல்கிறேன். போன் தொந்தரவா, கீழே தள்ளுங்கள் சார் என்று. உனக்கும் சொன்னது என் நினைவிலேயே இல்லை. வீட்டில் வயதானவர் இருக்கிறாரே, அவர் வெளியே போகிற நாளில் என்ன செய்வது என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். யோசிக்கவில்லை. அக்காவிடம் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கவேண்டும், அவ்வளவுதான் எனக்கு.

அதற்கப்புறம் உனக்கு எப்படி ஒரு கடிதம் எழுதினேன்! அப்பாவைக் கொன்றவன் நான். கொன்றுவிட்டு உன்னைக் கொலைகாரி என்றேன். நீ ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லியிருக்கலாமே. "நீதானேடா சொன்னாய்" என்று ஒரே வரி. ஏன் எழுதவில்லை? செட்டில் கோளாறு இல்லை என்று எனக்காகப் பழியை வாங்கிக்கொண்டாயே.

உன் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று தெரியவில்லை. நான் ஊருக்கு வராமல் இருப்பதே நல்லது.

ஓஸ்வால்ட்


லிங்கராஜபுரம்
5 ஜனவரி 1998

அன்புள்ள தம்பிக்கு,

புது வருஷத்தில் ஆண்டவர் உனக்குச் சமாதானம் தரட்டும். எங்கள் எல்லோர் உடம்பும் பரவாயில்லை. மௌரீனைத் திட்டத்தான் செய்தேன். பிறகு பிடித்துக்கொண்டு அழுதேன்.

உன் கடிதத்தைப் பத்துத் தடவை படித்துவிட்டேன். உனக்காகப் பழி சுமந்த நல்ல அக்கா என்று என்னை நினைத்துக்கொண்டிருக்கிறாய். மடையா, அது பாதி உண்மைதான். மீதியை நான் சொல்லாவிட்டால் உன் கண்ணீரை ஏமாற்றி வாங்கிக்கொண்டவள் ஆவேன். இதை உன் மச்சானிடம் சொன்னதில்லை. பாஸ்டரிடமும் சொன்னதில்லை.

அன்று நான் நாலு மணி வரை தூங்கவில்லை. மூன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே விழிப்பு வந்துவிட்டது. எழுந்ததும் மேலே தள்ளு என்றுதான் நீ எழுதியிருந்தாய். நான் எழுந்தேன், ஸ்விட்சைப் பார்த்தேன். இப்போதே தள்ளினால் சிலிண்டர்காரர்கள் ஆரம்பித்துவிடுவார்கள், நாலு ஆகட்டுமே என்று நினைத்தேன். டீ போட்டுக்கொண்டு வந்து, போனுக்கு எதிரேயே உட்கார்ந்து குடித்தேன். மௌரீன் இல்லை, அப்பா இல்லை, ஒரு சத்தம் இல்லை. எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று நினைத்தேன், ஓஸ்வால்ட். அந்த ஒரு மணி நேரத்தில் கோவிந்தப்பா இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறார். நான் எடுத்திருந்தால் மூன்று மணிக்கே வேன் கிளம்பியிருக்கும். டாக்டர் சொன்ன முக்கால் மணி என்னிடம்தான் இருந்தது.

நீ திட்டி எழுதியபோது முதலில் எனக்கு வந்தது அழுகை இல்லை. அப்பாடா, இவனுக்கு அந்த ஸ்விட்ச் ஞாபகமே இல்லை என்ற நிம்மதி. ஸ்விட்ச் என்று பேச்சு வந்தால், எத்தனை மணிக்கு எழுந்தாய் என்று யாராவது கேட்பார்கள். உன் கடிதத்தை நான் எரித்தது உன்னைக் காப்பாற்ற மட்டும் இல்லை. தூங்கிவிட்டேன் என்று சொல்லித் திட்டு வாங்குவது எனக்குச் சுலபமாக இருந்தது. தூங்குகிறவளை ஊர் மன்னிக்கும். முழித்துக்கொண்டு டீ குடித்தவளை யார் மன்னிப்பார்கள்?

ஆகவே உன்னுடையது ஒரு யோசனை. கை என்னுடையது. நீ கொலைகாரன் இல்லை.

இப்போது உனக்கு எல்லாம் தெரியும். இதற்குப் பிறகு நீ எழுதாமல் போனால் அதற்குக் காரணம் உண்டு, நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் என் முகத்தில் விழிக்க வெட்கம் என்று சொல்லி வராமல் இருக்காதே. இந்த வீட்டில் வெட்கப்பட ஏற்கெனவே ஒருத்தி இருக்கிறேன்.

யூனிஸ்


மஸ்கட்
21 ஜனவரி 1998

அன்பு அக்காவுக்கு,

நான் நலமாக இல்லை, நீயும் நலமாக இல்லை. ஆகவே அதைக் கேட்டுக்கொள்ளாமல் விஷயத்துக்கு வருகிறேன்.

உன் கடிதத்தை மூன்று நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே வேலைக்குப் போனேன். முதல் நாள் உன் மேல் கோபம் வந்தது. மறைக்காமல் சொல்கிறேன், நன்றாகவே வந்தது. இரண்டாம் நாள், நான் அந்த யோசனையை எழுதியிராவிட்டால் அக்கா டீ குடிக்க உட்கார்ந்தபோதும் போன் அடித்திருக்கும் என்று தோன்றியது. மூன்றாம் நாள் மேனேஜரிடம் போய் பாஸ்போர்ட்டைக் கேட்டேன். இந்தத் தடவை ஊரில் இருந்தார், கொடுத்துவிட்டார்.

பிப்ரவரி எட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை வருகிறேன். மச்சானை ஏர்போர்ட்டுக்கு வரச்சொல்ல வேண்டாம், நானே ஆட்டோ பிடித்து வந்துவிடுவேன். வந்த அன்றே கல்பள்ளிக்குப் போகவேண்டும். நீயும் நானும் மட்டும் போவோம், அக்கா. நான் எழுதியதை நான் சொல்கிறேன், நீ செய்ததை நீ சொல்லு. அப்பா கேட்கட்டும்.

சின்ன வயதில் நாம் இருவரும் சேர்ந்து எந்தத் தப்பைச் செய்தாலும், மூத்தவள் என்று சொல்லி உன்னைத்தான் முதலில் கூப்பிடுவார். நான் உன் பாவாடைக்குப் பின்னால் நின்றுகொண்டு, என் முறை வருவதற்குள் அவர் கோபம் தீர்ந்துவிடுமா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். எட்டாம் தேதி நீ பின்னால் நில். நான் முதலில் போகிறேன்.

அன்புத் தம்பி,
ஓஸ்வால்ட்